ஓ.எல். முடிந்த மறுவாரம்

ஓ.எல். (சாதாரண தர) பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே, வெள்ளவத்தையில் அடுத்த ஏ.எல். (உயர்தர) தொகுதிக்கான தியரி டியூஷன் வகுப்புப் பதாகைகள் ஏறிவிடும். காலி வீதி மதில்கள், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளின் மின்கம்பங்கள், அம்மாமாரின் வட்ஸ்அப் குழுக்கள், எங்கு பார்த்தாலும் மெத்ஸ், பயோ, கொமர்ஸ். பெறுபேறு வர இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. ஆனாலும் நல்ல சேரின் வகுப்பு நிரம்பிவிடும் என்ற பயத்தில் பதினாறு வயதுப் பிள்ளையின் பிரிவு அந்த ஒரு வாரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. கணக்கில் கெட்டிக்காரி என்று மெத்ஸ். சித்தியின் மகன் மருத்துவபீடம் போனான் என்று பயோ. கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்த வகுப்பில் தனக்கும் இடம் கிடைத்தது என்று கொமர்ஸ். அடுத்த இரண்டரை வருட உழைப்பும், அதன் பின் வரப்போகும் கம்பஸும், அதற்குப் பின்னான தொழிலும் இந்த முடிவின் மேல்தான் நிற்கப் போகின்றன. இதைவிடச் சின்ன விடயங்களுக்கு நாங்கள் இதைவிடக் கூடுதலான நாட்கள் எடுத்துக்கொள்கிறோம்.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் படிப்பில் அக்கறை இல்லாதவை என்று ஒருவரும் சொல்ல முடியாது. நகையை அடகு வைத்தும் வகுப்புக் காசு கட்டுகிற வீடுகள் இருக்கின்றன. எனக்குள்ள மனக்குறை வேறு. பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தமாவது என்றால் வகுப்புகளில் பெயர் பதிவது என்று நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம். எந்தப் பாடம், ஏன் அந்தப் பாடம், அதைப் பிள்ளை தனியே இருந்து எப்படிப் படிக்கப் போகிறது என்ற மூன்றையும் பற்றிய பேச்சு வீட்டில் நடப்பதில்லை. இந்தப் பதிவு அந்தப் பேச்சுக்காக.

தரம் ஒன்பதின் முடிவிலேயே தொடங்குவது

ஓ.எல். தொகுதிப் பாடங்களை (விருப்பப் பாடங்களை) தெரிவு செய்யும்போதே ஒரு கதவு பாதி திறக்கிறது. வணிகமும் கணக்கீடும் எடுத்த பிள்ளைக்கு இரட்டைப் பதிவு என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். தனக்கு அது பிடிக்கிறதா என்றும் தெரிந்துவிடும். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளை, தான் கணினியை விரும்புகிறதா, கணினி விளையாட்டை விரும்புகிறதா என்று கண்டுகொள்ளும். ‘சுலபமாக ஏ வரும்’ என்பதை மட்டும் பார்த்துத் தொகுதிப் பாடம் எடுத்தால் இந்தச் சோதனைக்கான இடம் வீணாகிறது. இரண்டாம் மொழியாகச் சிங்களத்தை எடுக்க வாய்ப்புள்ள பிள்ளை அதை எடுப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ ஜயவர்த்தனபுரவிலோ விடுதி, நிர்வாகக் கிளை, ஆய்வுகூடம் என்று அன்றாடப் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடும்.

ஏ.எல். படிக்கத் தேவையானது ஆறு பாடச் சித்தி, அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று திறமைச் சித்தி (‘சி’ அல்லது அதற்கு மேல்) வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இதற்கு அப்பால் உள்ளது. பல்கலைக்கழகக் கற்கைநெறிகளில் சில, ஏ.எல். பெறுபேற்றோடு ஓ.எல். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் குறிப்பிட்ட தரத்தைக் கேட்கின்றன. கணினி, முகாமைத்துவம் சார்ந்த சில கற்கைநெறிகள் அப்படிப்பட்டவை. ஆங்கிலத்தில் ‘எஸ்’ (சாதாரண சித்தி) போதும் என்று ஓ.எல். காலத்தில் விட்ட பிள்ளை, மூன்று வருடம் கழித்து, கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கும் இஸட் புள்ளி நன்றாக வந்தும் அந்த இடத்தில் முட்டுப்படும். ஆகவே தரம் பத்தில் ஆங்கிலத்துக்கு என்று தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நாள் ஒரு பந்தியை வாசித்து அதைத் தன் வசனத்தில் எழுதுவது, மறுநாள் அதைப் பார்க்காமல் சொல்வது. அதுவே போதும். நூல் வாங்கக் காசு வேண்டியதில்லை. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்துப் பொது நூலகம் இருக்கிறது, வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

இன்னொன்று, சிறியது, ஆனால் பின்னால் பெரிய அலைச்சல் தருவது. பெயர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, பாடசாலை இடாப்பில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. அப்பாவின் பெயர் எங்கோ முன்னால், எங்கோ முதலெழுத்தாக. தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும் ஓ.எல். பரீட்சை விண்ணப்பத்திலும் ஆங்கில எழுத்துக்கூட்டு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பெற்றோரே கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். வகுப்பாசிரியர் நாற்பது விண்ணப்பம் நிரப்புகிறார். அவர் கையில் விட்டுவிட்டு இருக்காதீர்கள்.

அந்த இடைவெளியில் என்ன செய்யலாம்

ஓ.எல். முடிவுக்கும் பெறுபேறுக்கும் இடைப்பட்ட மாதங்கள்தான் இந்த முழுப் பயணத்திலும் பெறுமதி கூடிய காலம் என்று நினைக்கிறேன். பரீட்சையும் இல்லை, பாடசாலையும் இல்லை, பிள்ளையின் மூளை களைப்பாறி இருக்கிறது. இதை உடனே தியரி வகுப்பால் நிரப்பாமல் முதல் மூன்று வாரத்தைப் பாடத் தெரிவுக்கு மட்டும் ஒதுக்கிப் பாருங்கள். ஒரு வகுப்பும் மூன்று வாரத்தில் ஓடிப் போகாது. தவறிய மூன்று பாடக் குறிப்பைக் கூட்டாளியிடம் வாங்கி எழுதிக்கொள்ளலாம்.

முதல் வாரம் பாடத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு. மஹரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் அதன் இணையத்தளத்தில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. யோசிக்கிற ஒவ்வொரு பாடத்திலும் முதல் அலகை எடுத்து யாருடைய உதவியும் இல்லாமல் இரண்டு நாள் வாசிக்கச் சொல்லுங்கள். இரசாயனவியல் என்றால் அணுக் கட்டமைப்பு. பௌதிகவியல் என்றால் அளவீடு, அதன் பின் பொறியியல் (மெக்கானிக்ஸ்). உயிரியல் என்றால் உயிரியலுக்கான அறிமுகம், அதன் பின் உயிரின் இரசாயன, கல அடிப்படை. இங்கே பார்க்க வேண்டியது விளங்கியதா என்பதை விட, விளங்காத இடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான். திரும்பப் பின்னுக்குப் போய் வாசிக்கிறதா, பேனையை எடுத்து வரைந்து பார்க்கிறதா, இல்லாவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு ‘சேர் சொல்லித் தருவார்’ என்கிறதா? மூடிவிடுகிற பாடத்தை இரண்டு வருடம் இழுப்பது கொடுமை.

இங்கேயே ஒரு பொதுவான பிழை நடக்கிறது. ஓ.எல். கணிதத்தில் ஏ எடுத்ததை, ஏ.எல். மெத்ஸ் பிரிவின் இணைந்த கணிதத்துக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்வது. ஓ.எல். கணிதத்தில் பழகிய வகைக் கணக்குகள் வரும், படி தெரிந்தால் போதும். இணைந்த கணிதத்தில் நிறுவல் வேண்டும், ஒரு வினாவுக்குள் மூன்று பாடப்பரப்பு கலந்து வரும், இரண்டாம் தாள் முழுக்கப் பிரயோக கணிதம். தூய கணிதத்தில் சமாளிக்கிற பல பிள்ளைகள் பிரயோகத்தைத் தரம் 13 வரை தள்ளிப் போட்டு அங்கே விழுகிறார்கள். ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு பிரயோக கணித அத்தியாயத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வாரம் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வருவது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை ஏ.எல். முடிந்த பிறகு வாங்குவதுதான் வழக்கம். ஓ.எல். முடிந்த உடனே கையில் எடுக்க வேண்டிய புத்தகம் அது. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் எந்த மூன்று பாடம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. மெத்ஸ் பிரிவில் இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்தால் கணினி விஞ்ஞானம் போன்ற கதவுகள் திறந்திருக்கும், பொறியியல் மூடிவிடும். பயோவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவம் மூடிவிடும். சட்டத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம். கட்டடக்கலைக்கு உளச்சார்புப் பரீட்சை தனியே உண்டு, வரையத் தெரிந்த பிள்ளை அதற்கு முன்கூட்டியே பழக வேண்டும். இவற்றைத் தரம் 13இல் அறிந்து என்ன பயன்? கைநூல் வருடாவருடம் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் வருடத்தில் புதிய பதிப்பைத் திரும்பப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பாட அடிப்படைகள் ஒரே இரவில் தலைகீழாவதில்லை.

மூன்றாம் வாரம் ஆட்களிடம் கேட்பது. டொக்டரிடமும் எஞ்சினியரிடமும் கேட்பதை விட, போன வருடம் கம்பஸ் போன பிள்ளையிடமும், அதே பிரிவில் படித்துக் கிடைக்காமல் போன பிள்ளையிடமும் கேளுங்கள். இரண்டாமவர் சொல்வதில்தான் விபரம் இருக்கும். எந்தப் பாடம் இழுத்தது, எந்த மாதத்தில் கை நழுவியது, எந்த வகுப்பு தேவையே இல்லை என்றெல்லாம் அவர் மறைக்காமல் சொல்வார். முதல் நாள் காசில்லாமல் இருக்க விடுகிற வகுப்புகளும் உண்டு. போய் இருந்துவிட்டு வந்து, அன்று இரவு குறிப்பைப் பார்க்காமல் அந்தப் பாடத்தை வீட்டில் யாருக்காவது சொல்லச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்து பிள்ளை ஆர்ட்ஸ் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். வீட்டில் எழும் முதல் கேள்வி ‘ஆர்ட்ஸ் படித்து என்ன செய்யப் போகிறாய்’ என்பதுதான். அதே கேள்வியை மெத்ஸ் எடுத்த பிள்ளையிடம் ஒருவரும் கேட்பதில்லை. புவியியலும் பொருளியலும் மனம் வைத்துப் படித்து, ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் கூடவே கொண்டுபோகிற பிள்ளைக்கு இந்த நாட்டில் வேலை இருக்கிறது. பெயருக்கு மெத்ஸ் படித்து மூன்று தரம் எழுதிக் களைத்த பிள்ளைக்குத்தான் வழி தெரியாமல் போகிறது.

இஸட் புள்ளியின் கணக்கு

கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி உயரம் என்று எல்லாரும் பெருமூச்சு விடுகிறோம். பல்கலைக்கழக இடங்களில் அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீதம். அந்தப் பதினாறில் கொழும்பு இல்லை. இதைப் பிள்ளையால் மாற்ற முடியாது. பிள்ளையால் மாற்றக்கூடியது புள்ளியின் உட்கணக்கு. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்த வருடத்தில் அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியை (இடையை) கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்துள்ளன என்று காட்டும் நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்தின் இஸட். மூன்று பாட இஸட்டின் சராசரிதான் கடைசியில் வருவது.

இப்போது ஒரு உதாரணம் எடுப்போம். ஒரு பிள்ளை 78, 74, 45 என்று எடுக்கிறது. மூன்று பாடத்திலும் நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். 78ஐ 82 ஆக்கினால் சராசரி இஸட் 0.0667 கூடும். 45ஐ 55 ஆக்கினால் 0.1667 கூடும். உச்சத்தில் நிற்கிற பாடத்தில் நாலு புள்ளி கூட்டுவதற்குச் செலவாகும் நேரத்தில், விழுந்து கிடக்கிற பாடத்தில் பத்துப் புள்ளி தூக்கலாம். அங்கே இன்னும் படிக்காத அலகுகள் கிடக்கின்றன, அடிப்படைக் கேள்விகளிலேயே புள்ளி போகிறது. நான்காம் தசமத்தில் இடம் பறிபோகிற போட்டியில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது! ஆனால் பிள்ளைகள் செய்வது நேர்மாறு. கெட்டித்தனமான பாடத்துக்குத் தியரி, ரிவிஷன், பேப்பர் என்று மூன்று வகுப்பு. பிடிக்காத பாடத்துக்கு ஒரு வகுப்பு, அதுவும் அடிக்கடி கட். மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியடைந்தே ஆக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு ‘எஃப்’ வந்தால் மற்ற இரண்டு ஏயும் அந்த வருடம் பயன்படாது. ஏ.எல்.லோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி வேண்டும் என்பதும் அப்படித்தான். சுலபம் என்று விட்டுவிட்டு அதில் தவறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வகுப்புக்கு வெளியே இருக்கிற மணித்தியாலங்கள்

மூன்று பாடம், பாடத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். கிழமைக்குப் பதினெட்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து போகிற பிள்ளைக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்றரை மணித்தியாலமாவது பஸ்ஸில் போகும். எல்லாம் சேர்த்து இருபத்தேழு. இதற்கு மேல் பாடசாலை. தனியே இருந்து எழுத எத்தனை மணித்தியாலம் மிஞ்சும்? ஒரு மணித்தியாலம் கேட்டதற்கு ஒரு மணித்தியாலமாவது தனியே செய்து பார்க்க வேண்டும் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அது வராவிட்டால் வகுப்பைக் குறையுங்கள். கேட்கும்போது விளங்குவது ஒன்று, வெள்ளைத் தாளில் எழுத வருவது இன்னொன்று. பரீட்சை மண்டபத்தில் இரண்டாவதுக்குத்தான் புள்ளி.

பாஸ்ட் பேப்பரை இரண்டு சுற்றாகச் செய்ய வேண்டும். முதல் சுற்று அலகு வாரியாக, தரம் 12இலேயே, அந்த அலகு முடிந்த கிழமையில். நேரம் பார்க்கத் தேவையில்லை. இரண்டாம் சுற்று முழுத் தாளாக, மணிக்கூட்டை வைத்து, பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது தொடங்கி. இணைந்த கணிதத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணித்தியாலம், 1000 புள்ளி. ஏ பகுதியில் பத்து வினா, ஒவ்வொன்றுக்கும் 25. பீ பகுதியில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150. நேரத்தைப் புள்ளியின்படி பிரித்தால் சிறிய வினாவுக்கு நாலரை நிமிடம், பெரிய வினாவுக்கு இருபத்தேழு நிமிடம். சிறியதை நாலு நிமிடத்திலும் பெரியதை இருபத்தைந்து நிமிடத்திலும் முடிக்கப் பழகினால் கடைசியில் பதினைந்து நிமிடம் கையில் இருக்கும். பழகாத பிள்ளை ஏ பகுதியில் அடம்பிடித்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செலவழித்துவிட்டு, தெரிந்த ஐந்தாவது பெரிய வினாவைத் தொடாமலே எழும்பும். பௌதிகவியல் பல்தேர்வில் ஐம்பது வினாவுக்கு இரண்டு மணித்தியாலம், ஒன்றுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. பிழை விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது.

எழுதி முடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வைத்துப் பிள்ளையே திருத்த வேண்டும், கடுமையாக. விடையில் அளவீட்டு அலகு (யூனிட்) எழுதாவிட்டால் வெட்டு, காரணம் கேட்ட இடத்தில் காரணம் இல்லாவிட்டால் வெட்டு. பிறகு ஒரு பிழைக் கொப்பி. வினா இலக்கம், நான் எழுதியது, ஏன் பிழைத்தது, மறுபடி செய்த திகதி. ‘ஏன்’ என்ற நிரலில் நாலு விடைகளில் ஒன்று வரும்: தெரியாது, வினாவை விளங்கவில்லை, கணக்குத் தவறு, நேரம் போதவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த நிரலை எண்ணிப் பார்த்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ‘தெரியாது’ கூட இருந்தால் புத்தகம். ‘நேரம்’ கூட இருந்தால் இன்னொரு வகுப்பால் ஒரு பயனும் இல்லை, மணிக்கூடுதான் மருந்து. திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளையும் தேடி எடுங்கள். எந்த வினாவில் பரீட்சார்த்திகள் எங்கே தவறினார்கள் என்று திருத்தியவர்களே அதில் சொல்கிறார்கள். தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்குத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களும், மொறட்டுவைப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் வருடந்தோறும் நடத்துகிற முன்னோடிப் பரீட்சையும் நல்ல உரைகல். அவற்றை வீட்டில் வைத்துத் தட்டிப் பார்ப்பதை விட, மண்டபத்தில் மற்றவர்களோடு இருந்து எழுதுவதுதான் பயன்.

பரீட்சை நடக்கும் மாதத்தை நம்பி அட்டவணை போடாதீர்கள். 2021ஆம் ஆண்டுக்கான ஏ.எல். 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022க்கானது 2023 ஜனவரியில். 2024 நவம்பரில் தொடங்கிய பரீட்சை வெள்ளத்தால் இடையில் நின்று மறுபடி நடந்தது. திகதி தள்ளிப் போனதும் புத்தகத்தை மூடிவிட்டு, பிறகு பழைய வேகத்துக்கு வர முடியாமல் தவித்த பிள்ளைகள் நிறைய. பாடத்திட்டம் முடியும் திகதியைச் சொந்தமாக வைத்துக்கொள்வது ஒன்றே வழி.

பெறுபேற்றுக்குப் பிறகு

விண்ணப்பத்தில் விருப்ப வரிசை எழுதும்போது நடக்கும் பிழை மனதை வருத்துவது. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, உண்மையில் விரும்புகிற கற்கைநெறியைக் கீழே போட்டு, ‘நிச்சயம் கிடைக்கும்’ என்பதை முதலாவதாக எழுதுவது. புள்ளி போதுமான கற்கைநெறிகளில் வரிசையில் மேலே நிற்பதைத்தான் தருவார்கள். எட்டாத ஒன்றை முதலாவதாக எழுதுவதால் கீழே உள்ளவை பறிபோவதில்லை. ஆகவே விருப்பத்தின்படியே எழுதுங்கள். பட்டியலைப் பாதியில் நிறுத்தாமல் போகச் சம்மதமான எல்லாவற்றையும், யாழ்ப்பாணமோ ஒலுவிலோ வவுனியாவோ என்று பாராமல் சேருங்கள். போகவே மாட்டேன் என்ற கற்கைநெறியை மட்டும் எழுத வேண்டாம். கிடைத்ததில் பதிவு செய்துவிட்டு, அடுத்த வருடம் நல்லதுக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பதிவு செய்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பரீட்சைக்கும் கம்பஸ் வாசலுக்கும் இடையில் ஒரு வருடத்துக்குக் கிட்ட, சிலவேளை அதற்கு மேலும் போகிறது. தமிழில் படித்த பிள்ளைக்கு இந்தக் காலம் ஆங்கிலத்துக்கு. பொறியியல், மருத்துவம், விஞ்ஞானம் எல்லாம் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் நடக்கும். பொது ஆங்கில வகுப்புக்குப் போவது நல்லதுதான், ஆனால் விரிவுரை மண்டபத்தில் கைகொடுப்பது பாடத்தின் ஆங்கிலம். ஏ.எல்.லில் நன்றாகத் தெரிந்த ஒரு அத்தியாயத்தை எடுத்து, அதே விடயத்தை ஆங்கிலப் பாடநூலில் வாசித்து, அதன் வினாக்களுக்கு ஆங்கிலத்தில் விடை எழுதிப் பார்க்கலாம். விடயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுக்க மொழியில் இருக்கும். மாதத்துக்கு இரண்டு அத்தியாயம் என்று போனால், முதல் ஆய்வுகூட அறிக்கை எழுதுகிற நாளில் பேனை தடுமாறாது.